எட்டடிப் பலகையில் பாண்டி ஸ்டேஷன்

எட்டடிக்கு நாலடி பிளைவுட்டை நீளவாக்கில் மூன்றாக அறுத்தால் ஒவ்வொன்றும் 16 அங்குல அகலத்தில் வரும். அந்த மூன்றில் ஒன்றுதான் நான் செய்த மாடல் புதுச்சேரி ரயில் நிலையம். இன்னொன்று அதற்குப் பின்னால் நிற்கும் வானம். மூன்றாவதைத் துண்டு போட்டுச் சட்டம், தாங்கல், மறைவுப் பெட்டி எல்லாம் செய்தாகிவிட்டது.

லாசுப்பேட்டையில் வாடகை வீடு, மாடிப் போர்ஷன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் கட்டளை. ஹாலில் சோபா நகரக் கூடாது என்பது வீட்டுக்காரி கட்டளை. இரண்டு கட்டளைக்கும் நடுவில் மிஞ்சியது ஜன்னலோரச் சுவர், 8 அடி 3 அங்குலம். இரண்டு புத்தக அலமாரிகளின் தலையில் பலகையை ஏற்றி உட்கார வைத்தேன். வீடு மாற்றினால் நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம்.

முதல் திட்டம் குப்பைக்குப் போனது. அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எட்டு மாதம் அதில்தான் போனது. ஸ்டேஷனை அப்படியே சுருக்கிச் செய்வது என்று கிராஃப் தாளில் வரைந்துகொண்டே இருந்தேன். மீட்டர்கேஜ் பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 19.5 மீட்டர். பத்துப் பெட்டியும் இன்ஜினும் நிற்க 210 மீட்டர் பிளாட்பாரம் வேண்டும். 120-ல் ஒரு பங்காகக் குறைத்தாலும் 1.75 மீட்டர். என் பலகையோ 2.44 மீட்டர். பிளாட்பாரமே முக்கால்வாசியைத் தின்றுவிட்டால் தண்டவாளம் பிரிகிற பாயின்ட் எங்கே, கேட் எங்கே, வண்டி வந்து போக இடம் எங்கே? வந்த ரயில் நின்ற இடத்திலேயே நிற்கும். அது கொலுவுக்கு ஆகும், ரயிலுக்கு ஆகாது.

என் அம்மாவின் தம்பி ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வரைபடத்தை அவரிடம் விரித்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரலை ஓட்டிப் பார்த்தார்.

“எல்லாம் நல்லாத்தான் கீது மாப்ள. சின்னப்புள்ளயில ஸ்டேஷனுக்கு இட்டுனு போனா நீ எங்க போய் நிப்ப?”

“டெட் எண்டுல, மாமா. இன்ஜின் மாத்துற எடத்துல.”

“அப்ப அத்தச் செய்யி. மத்ததெல்லாம் யாரு கேட்டா?”

இந்த ஒரு கேள்வியில் எட்டு மாத கிராஃப் தாள் முடிந்தது.

புதுச்சேரி ஒரு கடைசி ஸ்டேஷன். விழுப்புரத்திலிருந்து மீட்டர்கேஜ் பாதை இங்கே வந்தது 1879-ல், பிரெஞ்சு ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது. வில்லியனூர் தாண்டி, கடலூர் சாலையைக் கடந்து, கிழக்கே கடலைப் பார்த்து வந்து தண்டவாளம் நின்றுவிடும். அதற்கு மேல் போக்கிடம் இல்லை. வந்த வண்டியின் இன்ஜின் முட்டுக்கட்டைக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதைக் கழட்ட வேண்டும், முன்னால் கொஞ்சம் போகவிட வேண்டும், பாயின்ட்டை மாற்ற வேண்டும், பக்கத்து லூப் லைனில் பின்னோக்கி ஓட்டிப் போய் வண்டியின் அந்தத் தலையில் மாட்ட வேண்டும். அப்போதுதான் விழுப்புரத்துக்குத் திரும்ப முடியும். பத்து வயதில் எனக்கு ரயில் என்றால் இதுதான். ரயிலில் ஏறிப் போன நாட்களைவிட, மாமா டியூட்டியில் இருக்கும்போது சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பார்த்த நாட்கள் அதிகம்.

ஆகவே விதி ஒன்றே ஒன்று. இன்ஜின் மாற்றும் சடங்கு முழுசாக நடக்க வேண்டும். அதற்கு இடையூறாக நிற்பது எதுவானாலும் சுருங்க வேண்டும், இல்லாவிட்டால் போக வேண்டும்.

அளவுக் கணக்கு

நம் ஊரில் தேடினால் ஓரளவு கிடைப்பது எச்ஓ (HO) வகை மாடல். 87-ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. அகலமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்கான கணக்கு. மீட்டர்கேஜ் 1000 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 11.5, அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் போடுகிறவர்கள் உண்டு. பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் ஒரு பெட்டி 22 செ.மீ. தாண்டும், நாலு பெட்டியும் இன்ஜினும் சேர்ந்தால் ஒரு மீட்டருக்கு மேல். பலகை தாங்காது.

160-ல் ஒரு பங்கு என்றால் 6.25 மி.மீ. வரும். 6.5 மி.மீ. இசட் (Z) வகைத் தண்டவாளம் அதற்குப் பொருந்தும், பெட்டியும் 12 செ.மீ.தான். இடம் தாராளம். ஆனால் நான் செய்ய நினைத்ததே இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழட்டி மாட்டுவது. அந்த அளவில் கப்ளிங் எள்ளுருண்டையிலிருந்து உதிர்ந்த எள் மாதிரி இருக்கும். எனக்கு வெள்ளெழுத்து வந்து நாலு வருஷம் ஆகிறது.

நடுவில் 120-ல் ஒரு பங்கு. மீட்டர்கேஜ் இதில் 8.33 மி.மீ. உலகம் முழுக்க விற்கிற ‘என்’ (N) வகைத் தண்டவாளம் 9 மி.மீ. அதைப் போட்டால் 0.67 மி.மீ. கூடுதல்; அசல் அளவுக்குப் பெருக்கினால் என் பாதை 8 செ.மீ. அகலம் கூடியது. காலம் முழுக்கத் தண்டவாளத்தோடு கிடந்த மாமாவுக்கே அது தெரியவில்லை. பாயின்ட், சக்கரம், மோட்டார் எல்லாம் ‘என்’ (N) வகையில் வாங்கிக்கொண்டு, மேலே இருப்பதை மட்டும் 120-க்குச் செய்துகொள்ளலாம். பெட்டி 16.25 செ.மீ., இன்ஜின் 13 செ.மீ.

இப்போது பலகை. வடக்கு பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலது கை கடல் பக்கம், இடது கை விழுப்புரம் பக்கம். வலது ஓரத்தில் முட்டுக்கட்டையும் இன்ஜின் ஒதுங்கும் டெட் எண்டும் 15 செ.மீ. அதை அடுத்து பக்கத்து லைனுக்கு மாற இரண்டு பாயின்ட் சேர்ந்த க்ராஸ் ஓவர், 25. நாலு பெட்டி நிற்கிற பிளாட்பாரம் 70. லூப் லைன் மறுபடி சேரும் பாயின்ட்டும் அதன் வளைவும் 22. கடலூர் சாலை கேட்டும் இன்ஜின் வெளியே வந்து நிற்க இடமும் 28. ஆக 160. மிச்சம் 84 செ.மீ. வண்டி போய் ஒளியும் மறைவுப் பெட்டிக்கு. அதற்குள் வைக்கிற தட்டு 80. வண்டி முழு நீளம் 78. இரண்டு கோடியிலும் ஒவ்வொரு சென்டிமீட்டர் மிச்சம். கணக்கு முடிந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்தத் தட்டுதான் விழுப்புரம். ஒரு மரப்பட்டியின் மேல் இரண்டு அலுமினிய ஆங்கிளை 9 மி.மீ. இடைவெளியில் ஒட்டினால் அதுவே தண்டவாளம், அதுவே மின்கம்பி. வண்டி மறைவுப் பெட்டிக்குள் நுழைந்து தட்டில் ஏறி நிற்கும். தட்டை அலாக்காகத் தூக்கி, தலைமாற்றித் திருப்பி வைத்தால் வண்டி பாண்டிக்குக் கிளம்பத் தயார். விழுப்புரம் ஜங்ஷனின் அத்தனை லைன்களும் ஒரு மரப்பட்டியில் அடக்கம். ஒரு தடவை கை சாய்ந்து மூன்று பெட்டிகள் தரையில் விழுந்தன. அன்றிலிருந்து இரண்டு முனையிலும் ஸ்பாஞ்சுத் துண்டு செருகாமல் தட்டைத் தொடுவதில்லை.

வண்டி நுழைந்து மறையும் ஓட்டையை எப்படி மறைப்பது என்பது இந்தத் தொழிலில் பெரிய தலைவலி. வெளிநாட்டுக்காரர்கள் குகை கட்டிவிடுவார்கள். பாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் குகைக்கு எங்கே போவது? கை கொடுத்தது ஏ.எஃப்.டி. மில். 1898-ல் தொடங்கிய துணி ஆலை. பழைய ஆட்களுக்கு ரோடியர் மில். அதன் நீளச் சுவரைப் பாதைக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். வண்டி கேட்டைத் தாண்டியதும் சுவருக்குப் பின்னால் போய்விடுகிறது, பார்ப்பவர்கள் ஓட்டையைத் தேடுவதே இல்லை. மில் இருந்த இடம் இது இல்லை என்று என் சித்தப்பா ஒருவர் சண்டைக்கு வந்தார். மில் கடலூர் சாலையில்தான் இருந்தது சித்தப்பா, நான் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன், அவ்வளவுதான் என்று காபி கொடுத்து அனுப்பினேன்.

கழட்டுவது

பொம்மை ரயில்களில் வரும் கொக்கிக் கப்ளிங் மாட்டிக்கொள்ளும், தானாகக் கழலாது. கையால் தூக்கத்தான் வேண்டும். எனக்கு அது ஆகாது. பெட்டிகளுக்கு நடுவில் ராட்சசக் கை ஒன்று இறங்கினால் ஸ்டேஷன் கலைந்துவிடும். அதனால் காந்தக் கப்ளிங். ஒவ்வொரு கப்ளிங்கின் அடியிலும் மீசை மாதிரி ஒரு கம்பி தொங்கும். ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் காந்தம் புதைத்திருக்கும். ஜோடிக் கப்ளிங் அதன் மேல் வந்து நின்றால் காந்தம் இரண்டு மீசையையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, பிடி திறக்கும்.

புத்தகப்படி அப்படித்தான். என் பலகையில் மூன்று வாரம் திறக்கவில்லை. காந்தத்தை மாற்றினேன், மீசையை வளைத்தேன், நிமிர்த்தினேன், மறுபடி வளைத்தேன். இன்ஜின் காந்தத்தின் மேல் நிற்கும், நகர்த்தினால் நாலு பெட்டியையும் இழுத்துக்கொண்டு முட்டுக்கட்டை வரை போகும்.

பொங்கலுக்கு வந்த மாமா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

“இன்னா மாப்ள, டைட்டா இருக்கும்போதே கழட்டுற? நாங்க அப்படிக் கழட்டவே மாட்டோம். டிரைவருக்குக் கை காட்டி ஒரு நூல் பின்னால தள்ளச் சொல்லுவோம். கப்ளிங் லூசானாத்தான் கொக்கி கைக்கு வரும்.”

ஒரு நூல் பின்னால் தள்ளினேன். கப்ளிங் இரண்டும் ஒன்றையொன்று முட்டின, இழுவை தளர்ந்தது, மீசைகள் விலகின. இன்ஜினை முன்னால் நகர்த்தினேன். பெட்டிகள் அங்கேயே நின்றன. நிஜ ரயிலில் இரும்புக் கொக்கிக்கு எது காரணமோ அதேதான் இந்த அரைக் கிராம் பிளாஸ்டிக்குக்கும் காரணம்: இழுத்துப் பிடித்திருக்கும் வரை பிடி விடாது. எந்தக் குறிப்பேட்டைப் படித்தாலும் இது கிடைத்திருக்கும். நான் மீசையை வளைப்பதிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

அன்று மாமா இன்னொன்றும் சொன்னார். மீட்டர்கேஜ் வண்டிகளில் வேக்கம் பிரேக். இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் தடித்த ரப்பர் ஹோஸ் தொங்கும். அதைப் பிரிக்கும்போது ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வரும். சின்ன வயதில் அது இன்ஜின் மூச்சு விடுவது என்று நினைத்திருந்தேன். குழாய்க்குள் இருப்பது வெற்றிடம். அதனால் அது காற்று வெளியே போகிற சத்தமில்லை, வெளிக்காற்று உள்ளே பாய்கிற சத்தம். நாற்பது வருஷம் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மாடலில் இந்தச் சத்தத்துக்கு ஸ்பீக்கர் வைக்கவில்லை. மாமா வந்தால் வாயாலேயே செய்துவிடுவார்.

என் இன்ஜின் ஒய்டிஎம்-4 என்ற மீட்டர்கேஜ் டீசல். அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவமைப்பு, 1960-களில் வந்தது, பிறகு வாரணாசியிலும் கட்டினார்கள். இந்த அளவில் கடையில் கிடைக்காது. ‘என்’ (N) வகையில் விற்கிற ஆல்கோ ஆறு அச்சு இன்ஜின் ஒன்றை வாங்கி, அடிச்சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மேல் உடலை ரெசின் பிரிண்ட் எடுத்தேன். முதல் உடலை அச்சிட்டுக் கொடுத்த கடைக்காரர் வெயிலில் உலர்த்திவிட்டார் போல. வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்தது. இரண்டாவது சரியாக இருந்தது. நீராவி இன்ஜினும் ஆசைதான், ஆனால் அந்தக் கம்பிகளும் கைகளும் இந்த அளவில் என் விரலுக்கு அடங்காது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இப்படிக் கழட்டி மாட்டும் ஷண்டிங்கில் இன்ஜின் ஆள் நடக்கிற வேகத்தில் போகும். மணிக்கு 5 கி.மீ. என்று வைத்தால் 120-ல் ஒரு பங்கில் நொடிக்கு 1.16 செ.மீ. நத்தை மாதிரி. அந்த வேகத்தில் தண்டவாளத்தில் ஒரு தூசி இருந்தாலும் நின்றுவிடும். பாயின்ட்டில் இரண்டு தண்டவாளம் குறுக்கிடும் கிராஸிங் மூக்கு பிளாஸ்டிக்கில் இருந்தால் அங்கே கரன்ட் கிடையாது. குட்டி இன்ஜின் சரியாக அதன் மேல்தான் சமாதியாகும். உலோக மூக்குள்ள பாயின்ட் வாங்கி, அதற்குப் போகிற கரன்ட்டைப் பாயின்ட் திரும்பும் பக்கத்துக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். இதற்கு விலை உயர்ந்த மோட்டார் வேண்டாம். ரேடியோ கடையில் கிடைக்கும் ஸ்லைடு ஸ்விட்சின் குமிழில் துளையிட்டுக் கம்பியைக் கோத்துப் பாயின்ட்டோடு இணைத்தேன். குமிழைத் தள்ளினால் பாயின்ட்டும் திரும்புகிறது, கரன்ட்டும் மாறுகிறது. மொத்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த சாமான் இதுதான்.

மணல் செய்த வேலை

ரயில் ஜல்லி சுமார் 5 செ.மீ. அளவு. 120-ல் ஒரு பங்கு என்றால் 0.4 மி.மீ., அதாவது மணல். கடற்கரை ஊரில் மணலுக்கா பஞ்சம்? வீராம்பட்டினம் கடற்கரையில் ஒரு கேரி பேக் மணல் அள்ளி வந்தேன். டீ வடிகட்டியில் சலித்து, தண்டவாளத்துக்கு நடுவில் தூவி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் நனைத்தேன். உலர்ந்ததும் பார்க்க அத்தனை அழகு.

ஐப்பசி மழை வந்தது. ஒரு வாரத்தில் தண்டவாள ஓரத்தில் பச்சைக் களிம்பு. கடல் மணலில் இருந்த உப்பை நான் கழுவவில்லை. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நிக்கல் சில்வர் என்று விற்கிற தண்டவாளத்தில் வெள்ளி கிடையாது, அதில் முக்கால்வாசி தாமிரமும் துத்தநாகமும்தான். ஈர உப்பில் தாமிரம் பச்சை பூக்காமல் என்ன செய்யும்?

அதைவிட மோசம் இன்னொன்று. நம் கடற்கரை மணலில் கரும் வரி வரியாகத் தெரிகிற துகள்களில் இரும்புத் தாதும் உண்டு. காந்தத்தைக் காட்டினால் ஒட்டும். ஃபெவிகாலில் ஒட்டாமல் கிடந்த துகள்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்து, நான் கப்ளிங்குக்காகப் புதைத்த காந்தத்தின் மேல் குட்டி முள்ளம்பன்றி மாதிரி நின்றன. சில இன்ஜின் மோட்டாருக்குள்ளும் போய்ச் சேர்ந்து பல்சக்கரத்தை அரைத்தன.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் ஊற்றி, பழைய டூத் பிரஷால் தேய்த்து, அத்தனையையும் சுரண்டி எடுத்தேன். இரண்டாம் முறை கட்டட வேலை நடந்த இடத்தில் கிடந்த எம் சாண்ட். கருங்கல் தூள், நிறமும் ஜல்லி நிறமே. கழுவி, காயவைத்து, சலித்து, தாளில் பரப்பி, பாலிதீன் பையில் சுற்றிய காந்தத்தை நாலு தடவை மேலே ஓட்டி, ஒட்டியதை வீசிவிட்டுத்தான் தூவினேன். யாராவது இந்த வேலையில் இறங்கினால் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

மற்ற அலங்காரங்கள் சுலபமாகவே முடிந்தன. ஸ்டேஷன் கட்டடத்துக்கு முகப்பு மட்டும், அரை அங்குல ஆழம். பெட்டிகளுக்குச் செங்கல் சிவப்பு. பெயர்ப்பலகையில், 2006-க்கு முந்திய காலம் என்பதால், ஆங்கில வரியில் பாண்டிச்சேரி. பின்வானத்தில் இருதய ஆண்டவர் கோயிலின் இரட்டைக் கோபுரம். 2011-ல்தான் அது பசிலிக்கா, நான் காட்டுகிற காலத்தில் வெறும் சர்ச். 120-ல் ஒரு பங்கில் செய்தால் ஸ்டேஷனை அமுக்கிவிடும் என்று 250-ல் ஒரு பங்குக்கு வரைந்தேன். தூரத்தில் நிற்பதுபோல் தெரிகிறது. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால்தான் இந்த ஏமாற்று பலிக்கும். நின்று பார்த்தால் நாலு பெட்டி பிளாட்பாரம் நாலு பெட்டி பிளாட்பாரமாகவே தெரியும். பிளாட்பாரத்தின் மட்டத்துக்குக் கண் இறங்கினால் அது எங்கே முடிகிறது என்று தெரியாது. பத்து வயதுப் பையனுக்கும் தெரிந்திருக்காது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மாடி என்பதால் தண்ணீர் ஏறவில்லை, ஆனால் கரன்ட் இல்லாமல், ஜன்னலைத் திறக்க முடியாமல் வீடு முழுக்க ஈரம். கரன்ட் வந்ததும் ஓட்டிப் பார்த்தால் தட்டும் பலகையும் சேரும் இடத்தில் ஒவ்வொரு பெட்டியும் குதித்தது. பிளைவுட் அறுத்த முனைக்கு நான் பெயின்ட் அடிக்கவில்லை. அங்கே ஈரம் குடித்து அரை மில்லிமீட்டர் உப்பிவிட்டது. அசல் அளவில் 6 செ.மீ. தூக்கல், எந்த இன்ஸ்பெக்டரும் வண்டியை விடமாட்டார். முனையைச் சீவி, வார்னிஷ் மூன்று கோட் அடித்து, தண்டவாள நுனிகளின் அடியில் பித்தளை ஸ்க்ரூ இறக்கி, அதன் தலையில் சால்டர் வைத்துவிட்டேன். சால்டரைச் சூடாக்கி இளக்கிவிட்டு ஸ்க்ரூவைத் திருகினால் தண்டவாளம் ஒரு மயிரிழை ஏறும், இறங்கும். மழைக்காலத்துக்கு ஒரு திருகு, கத்திரி வெயிலுக்கு ஒரு திருகு.

இப்போது வண்டி வந்து நின்று, இன்ஜின் கழன்று, டெட் எண்டுக்குப் போய், லூப்பில் ஓடி, கேட் ஓரம் வரை வந்து திரும்பி மாட்ட மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. இதுவரை பார்த்த குழந்தைகளில் பாதிப் பேர் ஒரு நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார்கள். மற்றப் பாதி இன்னொரு தடவை கேட்டார்கள்.

முடிந்தது என்று மாமாவை வரவழைத்துக் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். இரண்டு தடவை ஓட்டினார். ஒரு நூல் பின்னால் தள்ளினார், கழட்டினார், வாயால் ‘புஸ்ஸ்’ விட்டார். மூன்றாம் தடவை கேட் பக்கம் குனிந்து பார்த்தார்.

“மாப்ள, வண்டி வருது, கேட்டு தொறந்து கெடக்குது. கேட்கீப்பரை சஸ்பெண்டு பண்ணிடுவாங்க.”

கேட்டை ஏற்றி இறக்கும் மோட்டாருக்கு இனி பலகையில் இடமில்லை. மறுநாள் இரண்டு கம்பத்தையும் இறக்கி ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிவிட்டேன். ஒரு டவுன் பஸ், நாலு சைக்கிள், ஒரு மாட்டு வண்டி எல்லாம் நிரந்தரமாகக் காத்துக்கொண்டு நிற்கின்றன. கேட் எப்போதும் மூடியே இருக்கிறதே என்று உள்ளூர்க்காரர்கள் யாரும் இதுவரை கேட்கவில்லை.